அல்லது வேறு வழியில்

இங்கிலாந்தில் 1944-ல் ஒரு கல்விச் சட்டம் செய்தார்கள். யுத்தம் இன்னும் முடியாத காலம். அந்த நேரத்திலும் அந்த நாடு உட்கார்ந்து தன் குழந்தைகளின் படிப்பைப் பற்றி யோசித்தது. பெற்றோருக்கு ஒரு கடமையை விதித்தது. பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் ஏற்ற கல்வியை, ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பியோ, அல்லது வேறு வழியிலோ, கொடுத்தாக வேண்டும் என்றது. 1996-ல் புதுச் சட்டம் வந்தபோதும் அந்த வாசகத்தை விடவில்லை. 'அல்லது வேறு வழியில்' என்பது ஆங்கிலத்தில் இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் அங்கே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிற தாய் தகப்பன்மார் தலை நிமிர்ந்து நடமாடுகிறார்கள்.

நம்முடைய சட்டத்தில் அந்தச் சொற்கள் இல்லை. இல்லாமற் போனதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. நான் கவலைப்படுகிறேன். நான் வக்கீல் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் தூத்துக்குடியில் குடியிருக்கிறேன். இந்தச் சொற்கள் இல்லாததற்கு யார் யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம், பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்று சர்க்காருக்குச் சொன்னது. பத்து வருஷம் ஐம்பது வருஷமாக நீண்டது. 2002-ல்தான் 86-வது திருத்தம் வந்து, ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி என்பது குழந்தையின் அடிப்படை உரிமை ஆயிற்று. அதே திருத்தம் பெற்றோரின் கடமையையும் சொன்னது: பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்புகளை அளிக்க வேண்டும். கவனியுங்கள். 'வாய்ப்புகள்' என்றுதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்று இல்லை.

பிறகு 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 10-வது பிரிவு, பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அரசியல் சட்டம் அகலமாக விட்ட வாசலை இது ஒருக்களித்துவிட்டது. சரி, சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்தச் சட்டத்தில் பெற்றோருக்கு அபராதமும் கிடையாது, தண்டனையும் கிடையாது. கடமை இருக்கிறது; தவறினால் கேட்பதற்கு வழி இல்லை. அனுமதியும் இல்லாமல் தடையும் இல்லாமல் ஒரு காரியம் அந்தரத்தில் தொங்குகிறது.

'விதிவிலக்கு எழுதினால் சட்டத்தின் நோக்கமே கெட்டுப்போகும்' என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் 2012-ல் அதே சட்டத்தைத் திருத்தி, மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும், முக்கியமாக மத போதனை செய்கிற நிலையங்களுக்கும் இது பொருந்தாது என்று எழுதினார்களே, அது எப்படி? விலக்கு எழுதத் தெரியாதவர்கள் அல்ல. யார் கேட்டால் எழுத வேண்டும், யார் கேட்டால் காது கேளாதது போல் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தவர்கள். அந்தச் சமயத்தில்தான் வீட்டில் படித்துவந்த ஒரு சிறுமியின் வழக்கு டில்லி ஹைகோர்ட்டில் இருந்தது. வீட்டுக் கல்விக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்று மத்திய அமைச்சகம் முதலில் சொன்னது. பிறகு அந்தப் பேச்சிலிருந்து பின்வாங்கியது. சட்டம் எழுதியவர்களுக்கே அதன் பொருள் தெரியவில்லை என்றால் படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஜெர்மனி இருக்கிறது. அங்கே பிள்ளை பள்ளிக்குப் போயே தீர வேண்டும். வீட்டில் கற்பித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. மறுத்த ஒரு குடும்பத்தின் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரை போய், 2019-ல் ஜெர்மனிக்குச் சாதகமாகத் தீர்ந்தது. எனக்கு அந்த நாட்டின் முடிவு பிடிக்கவில்லை. ஆனாலும் அது ஒரு முடிவு. ஜெர்மானியக் குடும்பம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கிறது. நம் குடும்பங்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

என் நண்பர் ஒருவர் இங்கே கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்க்கிறார். மனைவி கணிதத்தில் எம்.எஸ்ஸி. பெண்ணுக்குப் பதினொரு வயது. அந்தக் குழந்தைக்குத் திக்குவாய். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோதெல்லாம் சிரிப்பு. சிரித்தவர்களை அடக்க வேண்டியவரும் சேர்ந்து சிரித்தார். குழந்தை சாப்பிடுவதை நிறுத்தியது. பிறகு பேசுவதையே நிறுத்தியது. ஒரு ஜூன் மாதம் பெற்றோர் அவளை வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது அவள் பேசுகிறாள். என்னைக் கண்டால், "மாமா, புதுசா என்ன கதை எழுதுதீங்க?" என்று கேட்கிறாள். திக்கித்தான் கேட்கிறாள், கேட்டு முடிக்கிறாள்.

நண்பர் நேர்மையானவர். சர்க்காருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று நினைத்து ஓர் அலுவலகத்துக்குப் போனார். முதல் மேஜையில், "டி.சி. வாங்கி வேறு பள்ளிக்கூடத்தில் சேருங்கள்" என்றார்கள். இரண்டாவது மேஜையில், "அது எங்கள் வேலை இல்லை" என்றார்கள். மூன்றாவது மேஜையில் இருந்தவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழுதிக் குடுக்காதீங்க அண்ணாச்சி. குடுத்தா நாங்க பதில் எழுதணும். என்னத்த எழுதன்னு எங்களுக்கே தெரியாது. பேசாம வீட்டுக்குப் போங்க" என்றார். நண்பர் வீட்டுக்கு வந்துவிட்டார். தவறு செய்யாத மனிதர் தவறு செய்தவரைப்போல் இருக்கிறார். அவரைப் போன்ற சிலர், பெயரை மட்டும் ஏதோ ஒரு பள்ளிப் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய்யைப் பார்த்துக் குழந்தையும் படிக்கிறது.

இதுவரை சொன்னது படித்த குடும்பத்தின் கஷ்டம். இதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அதே தெருவின் கோடியில் உப்பளத்துக்குப் போகிற ஒரு பெண்மணி இருக்கிறாள். விடியுமுன்பே கிளம்பி வெயிலேறும் வரை உப்பு வாரிவிட்டு வருகிறவள். மழைக்காலம் வந்தால் அந்த வேலையும் இல்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், பன்னிரண்டு வயது மகனை மூன்று வாரம் வீட்டில் நிறுத்திவிட்டாள். உபாத்தியாயினி மூன்று முறை வீடு தேடி வந்தார். வந்தது நியாயம், அந்த அம்மையாரை நான் கும்பிடுகிறேன். பையன் திரும்பப் பள்ளிக்குப் போய்விட்டான். ஆனால் அவன் தாய் என்னிடம் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

"அண்ணாச்சி, அந்த மாடி வீட்டுப் பிள்ள ரெண்டு வருசமா வீட்லதான் இருக்கு. யாரும் வந்து ஏன்னு கேக்கல. எம்பிள்ள மூணு வாரம் இருந்தான். ஒவ்வொருத்தரா வந்தாக. அவுக பிள்ள வீட்ல இருந்தா படிப்பு. எம்பிள்ள வீட்ல இருந்தா நிப்பாட்டுனதாக்கும்?"

ஒரே காரியத்துக்கு இரண்டு பெயர். மாடி வீட்டில் அது வீட்டுக் கல்வி. குடிசையில் அது இடைநிற்றல். இந்த வித்தியாசத்தைச் சட்டம் எழுதவில்லை; சட்டத்தின் மௌனம் எழுதியது. எழுதப்படாத விதி எப்போதுமே ஆளைப் பார்த்துத்தான் நடக்கும்.

இந்த இடத்தில் இரண்டு பேர் என்னை மறிக்கிறார்கள். ஒருவர், "என் பிள்ளை, என் இஷ்டம். சர்க்கார் யார் கேட்க?" என்கிறவர். இன்னொருவர், "பள்ளிக்கூடத்துக்கு வெளியே கல்வி ஏது?" என்கிறவர். இருவருக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும்.

'என் பிள்ளை, என் இஷ்டம்' என்கிறவர் இந்தக் கரையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. அதற்கு முன்னால், தலைமுறை தலைமுறையாகத் தகப்பன் மூச்சை அடக்கிய ஆழத்தில் மகனும் மூச்சை அடக்கினான். அதுவும் வீட்டுக் கல்விதான். மிகவும் நுட்பமான கல்வி. நீரோட்டமும் காற்றும் பாரும் அவனுக்குப் பாடம். ஆனால் கணக்குப் புஸ்தகம் கரையில் வேறொருவன் கையில் இருந்தது. மூழ்கி எடுத்தவனுக்குத் தன் சிப்பியின் விலை தெரியாது. குடும்பம் கற்பித்தது குறைவு என்று நான் சொல்லவில்லை. குடும்பம் தனக்குத் தெரிந்ததை மட்டுமே கற்பிக்க முடியும் என்று சொல்கிறேன்.

1953-ல் இந்த ராஜ்யத்தில் அதையே ஒரு திட்டமாகக் கொண்டு வந்தார்கள். ராஜாஜி முதல் மந்திரி. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு வேளைதான் வகுப்பு. மற்ற வேளை வீட்டில் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! கையும் மூளையும் சேர்ந்து வளரும் என்றார்கள். ஆனால் குயவன் மகனுக்குச் சக்கரமும் வலைகாரன் மகனுக்கு வலையும்தான் என்பது அதன் பொருள் என்று ஜனங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் காமராஜ் பதவிக்கு வந்த சில வாரங்களில், மே மாதமே, அது ஒழிந்தது. 1956-ல் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் எது? இதே ஜில்லாவில் இருக்கிற எட்டயபுரம். பள்ளிக்கூடம் எழுத்து மட்டும் தருவதில்லை. ஏழைப் பிள்ளைக்குச் சோறும் தருகிறது, காணாமற்போனால் தேடிவர ஓர் ஆளையும் தருகிறது. 'சர்க்கார் யார் கேட்க' என்கிறவர் வீட்டில் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால்தான் அவருக்குச் சர்க்கார் வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எப்போது முடிகிறது? 'வீட்டில்தான் படிக்கிறான்' என்ற ஒரு வார்த்தையை எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுமதித்துப் பாருங்கள். அந்த வார்த்தையை முதலில் கற்றுக்கொள்கிறவன் உப்பளத்துக்குக் கூலியாள் பிடிக்கிறவனாக இருப்பான்.

வ.உ.சி.யின் தகப்பனார் உலகநாத பிள்ளை ஓட்டப்பிடாரத்தில் வசதியுள்ள வக்கீல். பையன் பாட்டியிடம் சிவபுராணக் கதை கேட்டான். தாத்தாவிடம் ராமாயணம் கேட்டான். தாலுக்கா ஆபீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். வீட்டோடு படிக்க வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ ஊராரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். தன் பிள்ளைக்குத் தேவைப்பட்டதை ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்தார். அந்தத் தகப்பனைத்தான் நான் தகப்பன் என்பேன்.

இனி அடுத்தவர், பள்ளிக்கூடத்துக்கு வெளியே கல்வி இல்லை என்கிறவர். ஐயா, கட்டடத்துக்கும் கல்விக்கும் நீங்கள் எப்போது கல்யாணம் செய்து வைத்தீர்கள்? 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று அனுப்பினார். சுவரும் இல்லை, பதிவேடும் இல்லை. தாகூர் பள்ளிக்கூடத்தில் தரிக்காமல் வீட்டில் வாத்தியார்களிடம் படித்தவர். அந்தக் கசப்பை மறக்காமல் 1901-ல் சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் வகுப்பு வைத்தார். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காகப் பூட்டிய பள்ளிகளில், சிறு பிள்ளைகளின் வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த ஒன்றரை வருஷமும் 'வீடுதான் பள்ளிக்கூடம்' என்று யார் உத்தரவு போட்டார்கள்? நீங்கள்தானே? பிறகு, வீட்டில் பாடம் ஏறவில்லை என்று கண்டு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொண்டர்களைத் தெருத் தெருவாக அனுப்பியதும் இதே சர்க்கார்தான். நல்ல காரியம். வாசலுக்கு வந்து சொல்லிக் கொடுப்பது கல்வி என்றால், அந்த வாசலுக்கு உள்ளே தாய் சொல்லிக் கொடுப்பது மட்டும் எப்படிக் குற்றம் ஆகும்?

ஆக, ஒருவர் குழந்தையைப் பெற்றோரின் சொத்து என்கிறார். மற்றவர் பதிவேட்டின் சொத்து என்கிறார். இருவருமே குழந்தையைக் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டின் மிகப் பெரிய மனிதருடைய வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. காந்திஜி தென்னாப்பிரிக்காவில் தம் பிள்ளைகளை வழக்கமான பள்ளிகளுக்கு அனுப்பாமல் தம்மோடு வைத்துக் கற்பித்தார். டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவரே உபாத்தியாயர். அவருடைய நோக்கத்தை யார் சந்தேகிக்க முடியும்? ஆனாலும் மூத்த மகன் ஹரிலாலுக்குப் படிப்பு மறுக்கப்பட்டதாகத் தீராத மனக்குறை. 1911-ல் இருபது வயதைத் தாண்டிய பிறகு தகப்பனைப் பிரிந்து ஆமதாபாத்துக்கு வந்து பள்ளிப் படிப்பைத் தொடர முயன்றார். மகாத்மா வீட்டிலேயே மகனின் குரல் கேட்கப்படவில்லை என்றால், நம்முடைய வீடுகளைப் பற்றி என்ன சொல்ல? குழந்தையின் அபிப்பிராயத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிற ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு அலமாரியில் வைத்திருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? சட்டம் திருந்தும் வரை குடும்பங்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் படித்த பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 4-வது பிரிவு வழி செய்கிறது. பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சியும் கேட்கலாம். காலம் கடந்து வந்தாய் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ திருப்பி அனுப்பக் கூடாது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிரம்பிய பிள்ளை எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். அந்தச் சான்றிதழ் எங்கெங்கே செல்லும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டில் வகுப்பு நடத்துவதானால் மிகவும் எச்சரிக்கை வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் லட்ச ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரமும் என்று 18-வது பிரிவு மிரட்டுகிறது. உங்கள் திண்ணை எப்போது பள்ளிக்கூடமாக மாறுகிறது என்பதை எந்த அதிகாரியும் தன் இஷ்டப்படி சொல்லலாம்.

இதெல்லாம் ஒட்டுப்போட்ட துணி. நான் கேட்பது புதுத் துணி. 10-வது பிரிவில் அந்தச் சொற்களை எழுதுங்கள்: 'அல்லது வேறு வழியில்.' எழுதி, கூடவே நான்கு நிபந்தனைகளையும் எழுதுங்கள். வீட்டில் கற்பிக்கிற குடும்பம் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்கிக்கொள்கிற அலுவலகம் ரசீது கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை தகுதியுள்ள ஓர் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் படிப்பைப் பார்த்து எழுத வேண்டும். பயமுறுத்துகிற பரீட்சை வேண்டாம், பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்பது தெரிந்தால் போதும். வளரவில்லை என்றால் பள்ளிக்கு அனுப்ப உத்தரவிடும் அதிகாரம் இருக்க வேண்டும். கடைசியாக, தாய் தகப்பன் இல்லாத நேரத்தில், 'உனக்கு எது வேண்டும்?' என்று அந்தக் குழந்தையைக் கேட்க வேண்டும். கேட்டதற்கு மதிப்பும் கொடுக்க வேண்டும்.

முத்துக்குளிப்பில், மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் சகோதரி தாலியோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் கயிற்றை நழுவ விடமாட்டான். ஆழத்தில் இருப்பவனை அவன் தடுப்பதில்லை, ஏன் இறங்கினாய் என்று கேட்பதில்லை. கயிறு அசைந்தால் இழுக்கிறான். சர்க்காரிடம் நான் எதிர்பார்ப்பது அந்த வேலையை.

'இப்படி எழுதினால் கதவு திறந்துவிடுமே' என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. அதன் வழியாக வசதி உள்ளவன் ஓசைப்படாமல் போய் வருகிறான். கூலி ஆள் பிடிக்கிறவனும் போய் வருகிறான். விளக்கு இல்லாததால் யார் போனது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். விளக்கை ஏற்றுங்கள் என்கிறேன். ஏற்ற மனமில்லை என்றால் ஜெர்மனியைப் போலக் கதவைச் சாத்தவாவது செய்யுங்கள். அதை எதிர்த்து எழுத எனக்குப் பேனா இருக்கிறது.

வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க விரும்புகிற தாய் தகப்பன்மாருக்கும் இதையே சொல்கிறேன். சட்டத்தைத் திருத்த மனு எழுதுங்கள். அதில் மாடி வீட்டுக்கு மட்டும் சலுகை கேட்டால் என் கையெழுத்துக் கிடையாது. உப்பு வாருகிறவள் மகனுக்கும் கப்பல் ஆபீஸ் உத்தியோகஸ்தர் மகளுக்கும் ஒரே விதி, ஒரே சோதனை, ஒரே கேள்வி என்று எழுதிக் கொண்டு வாருங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.